அப்பா போடாத மெட்டு

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையிலிருந்து பனித்தூறல். எசன் நகருக்குப் போகும் ரயில் மறுபடி தாமதம். வேலையிடத்துக்குத் தொலைபேசியில் விடுப்புச் சொன்னேன், வாக்கியத்தை ஒத்திகை பார்த்த பிறகுதான்.

ஆஸ்பத்திரியில் அப்பா ஜன்னலோரக் கட்டிலில். நுரையீரலுக்கு இனி மருந்து இல்லை, வலிக்கு மட்டும். டாக்டர் ஜெர்மன் மொழியில் சொன்னதை அம்மாவுக்குப் பாதியாகச் சொன்னேன்.

வாங்க வேண்டியவை: ஸ்ட்ரோ, அம்மாவின் பிரஷர் குளிசை, பால்.

மாலையில் இங்குள்ள தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் ரவி மாமா, தோடம்பழப் பையுடன். "மாஸ்டர், உங்கட பாட்டை இந்த முறை விழாவிலையும் பெடியள் பாடினவங்கள். மண்டபமே எழும்பி நிண்டது!" அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடக்கம் என்று மாமா நினைத்திருப்பார்.

பெப்ரவரி 4, புதன்

கண்ணாடி போல் குளிர். அப்பாவுக்குப் பேசத் தெம்பு இருந்தது.

"அது என்ரை மெட்டு இல்லை, பிள்ளை."

யாழ்ப்பாணத்தில் அப்பா பள்ளிக்கூட பாண்ட் மாஸ்டர். தெரிந்ததுதான். விளையாட்டுப் போட்டி அணிநடைக்கு அவர் வாசிக்கப் பழக்கியது ஓர் அமெரிக்க மார்ச். பழைய பாண்ட் புத்தகத்தில் இருந்தது. அமெரிக்கர் ஒருவர் தங்கள் நாட்டுக் கொடிக்காக எழுதியது. பிறகு யாரோ அதற்குத் தமிழ்ச் சொற்கள் போட்டு, ஒலிபெருக்கி கட்டிய வாகனத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அதைக் கேட்டு பாண்ட் பெடியள் போராட இயக்கத்துக்குப் போனார்கள். ட்ரம்பெட் வாசித்த குமரன். பெரிய ட்ரம் அடித்த ஜெயம். ஒருவரும் திரும்பவில்லை.

இங்கே வந்த பிறகு கசெட்டில் 'இசை' என்று அப்பாவின் பெயரை அச்சடித்துவிட்டார்கள்.

"ஏனப்பா நீங்கள் சொல்லேல்லை?"

"ரெஸ்டாரண்டிலை கோப்பை கழுவிப்போட்டு நேரை கூட்டத்துக்குப் போனனான். மாலை போட்டு மாஸ்டர் எண்டாங்கள். பேசாமல் நிண்டிட்டன். பிறகு குமரன்ரை தாய் வந்து, உங்கட பாட்டைக் கேட்டுத்தான் என்ரை பிள்ளை போனவன் எண்டு கையைப் பிடிச்சு…" இருமல். தாதி வந்தாள். அவள் போன பிறகு: "என்ரை செத்தவீட்டிலை அதைப் போட விடாதை. அந்த வெள்ளைக்காரன்ரை பெயரைச் சொல்லு."

"சொல்லுறன்" என்றேன். பேக்கரியில்கூட விரலால் காட்டி வாங்குகிறவள் நான்.

பெப்ரவரி 5, வியாழன்

அந்த அமெரிக்கரைத் தேடினேன். ஏதோ சிறு ஊரின் பாண்ட்காரர். இணையத்தில் ஒரே ஒரு பக்கம், மங்கிய படம், மீசை. மார்ச்சைப் பலருக்குத் தெரியும். போட்டவர் யார் என்றால் புகழ்பெற்ற வேறொருவரைச் சொல்கிறார்களாம்.

ரயிலில் அந்த மார்ச்சைக் கேட்டேன். நல்ல மெட்டு. அதுதான் பயமாக இருக்கிறது. கால் தானாகத் தாளம் போட்டது. எதிரில் இருந்த பையன் சிரித்தான். நிறுத்திவிட்டேன்.

பெப்ரவரி 7, சனி

விடிய அப்பா போய்விட்டார். மழை.

அம்மா அவருக்கென்று கஞ்சி வைத்திருந்தார். யாரும் அடுப்பிலிருந்து இறக்கவில்லை.

பெப்ரவரி 9, திங்கள்

மலர்ச்சாலையில் டெர்மின், செத்தவீட்டு ஒழுங்குகளுக்கு நேரம் குறித்திருந்தார்கள். எல்லாத் தாளிலும் என் கையெழுத்து. அம்மாவுக்கு ஜெர்மன் வாசிக்க ஏலாது. ரவி மாமாவும் வந்தார், நிகழ்ச்சி நிரலுடன்: தேவாரம், உரை, நன்றியுரை, கடைசியில் பாட்டு.

"மாமா, அந்தப் பாட்டு வேண்டாம். அப்பா சொன்னவர். அது அவர் போட்ட மெட்டும் இல்லை." எனக்கே கேட்காத குரல்.

"பிள்ளை, வருத்தக்காரர் மருந்து மயக்கத்திலை ஆயிரம் சொல்லுவினம். அதோடை, அது இப்ப உங்கட அப்பான்ரை இல்லை. எங்கட எல்லாற்றையும்."

அம்மா: "ரவி அண்ணை சொல்லுறபடி விடு. நாளைக்கு எனக்குச் சனம் வேணும்."

பூ: வெள்ளை மட்டும்.

பெப்ரவரி 12, வியாழன்

வெயில். பொருத்தமில்லாத வெயில்.

மண்டபம் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள். ரவி மாமா: "இந்த எழுச்சி மெட்டைத் தந்த கலைஞன்!" சிலர் கைதட்டப் போய் நிறுத்தினார்கள்.

பிறகு என் நன்றியுரை. தாளில் இரண்டாம் வரியில் அமெரிக்கரின் பெயர். நிமிர்ந்தேன். முன் வரிசையில் ஒரு வயதான அம்மா, மடியில் இளைஞன் ஒருவனின் சட்டமிட்ட படம். குமரனின் தாய் என்று பக்கத்திலிருந்தவர் சொல்லியிருந்தார். அவன் போனது யாரோ ஒருவருடைய கொடிப் பாட்டுக்கு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வந்தவர்களுக்கு நன்றி, சமைத்துத் தந்தவர்களுக்கு நன்றி. தாளை மடித்தேன்.

சொல்லவில்லை. சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள்.

பின்னறைக்குப் போனேன். ஒலிப்பெட்டியோடு ஒரு ஜெர்மன் ஊழியர். கடைசிப் பாட்டைப் போட வேண்டாம் என்றேன். ஜெர்மன் மொழியில், ஒத்திகை பார்க்காமலே குரல் வந்தது.

"நீங்கள் மகளா?"

"ஆம்."

வேறொன்றும் கேட்காமல் நிறுத்திவிட்டார்.

கதவிடுக்கால் பார்த்தேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒன்றும் வரவில்லை. ரவி மாமா இந்தப் பக்கம் கையைக் காட்டினார், மறுபடி காட்டினார். அப்பாவின் பிரேதப் பெட்டி நகரத் தொடங்கியது. சில்லுச் சத்தம் மட்டும். அப்பா கேட்டபடி, இந்த அளவாவது.

அப்போது குமரனின் தாய் அந்தப் பாட்டைத் தொடங்கினார். வெறும் வாயால், கரகரத்த குரலில், முதல் அடியிலிருந்து. பக்கத்திலிருந்த பெண் சேர்ந்தாள். பிறகு அந்த வரிசை. பிறகு மண்டபம் முழுக்க, கால் தாளத்தோடு.

அம்மாவும் பாடினார்.