மூன்றாம் நம்பர் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்

வில்லா எஸ்பினோசா,
ஜனவரி 19

அன்பு மகன் ராமிரோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நாயும் சௌக்கியம், வெயில்தான் ஆளைக் கொல்கிறது. அங்கே சைப்ரஸில் உன் முழங்கால் சௌக்கியமா? முதலில் அதைச் சொல், மற்றதெல்லாம் அப்புறம். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய், குரலைப் பதிவு செய்து அனுப்பினால் வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் அத்தை மகள் ரொசியோ போட்டுக்கொடுத்துவிட்டாள். எழுத்தை வேகமாக ஓடவிட முடியாது அல்லவா? பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அவளே அனுப்புவாள். வெள்ளிக்கிழமைக்குள் நீ கையெழுத்துப் போடுவதா இல்லையா என்று சொல்ல வேண்டும், அதற்குள் இதை முழுசாகப் படித்துவிடு.

முதலில் அந்தப் போட்டோ. அதை நம்பாதே. போன ஞாயிறு மத்தியானம் கிளப் தலைவர் பசுவால்டோ வீட்டுக்கு வந்தார். உனக்குத் தெரியுமே, மரச்சாமான் கடைக்காரர், பேச்சில் தேன் ஒழுகும். ஒரு டஜன் இனிப்பு ரொட்டி, ஒரு பை. பையைத் திறந்தால் நம் சான் கிறிஸ்பின் கிளப்பின் பச்சை வெள்ளைச் சட்டை, முதுகில் மூன்றாம் நம்பர், மேலே நம் குடும்பப் பெயர் ஓஹெடா. "சும்மா ஒரு தடவ பிடிங்க எல்விரா, உங்க கைக்கு எப்படி இருக்குன்னு பாப்போம்"னார். நானும் பிடித்தேன். பல்லைக் காட்டிச் சிரிக்கவும் செய்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும். சாயங்காலம் கிளப்பின் இணையப் பக்கத்தில் பார்த்தால் அந்தப் படம், கீழே "அம்மா கையெழுத்துப் போட்டாச்சு, மகன் மட்டும்தான் பாக்கி" என்று எழுதியிருக்கிறது! ஊரே பார்த்துவிட்டது. கறிக்கடையில் நாய்க்கு எலும்பு கேட்டால் கறியாகவே வெட்டிப் போட்டு, "உங்க பையன் வர்றான்ல, அப்புறம் என்ன"ங்கிறான். முப்பத்து நாலு வருஷமாக அந்தக் கிளப்புக்குத் தொண்டை கிழியக் கத்துகிறேன், கடைசியில் என் தலையிலேயே மிளகாய் அரைத்துவிட்டார்கள். நீ அந்தப் படத்தைப் பார்த்து, அம்மா ஆசைப்படுகிறாளே என்று மனசை மாற்றிக்கொண்டிருப்பாயோ என்று எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஆசைப்படுகிறேன்தான். அது வேறு விஷயம். ஆனால் எந்த அணிக்கு வரப்போகிறாய் என்று உனக்கு யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். உன் ஏஜென்ட் சொல்ல மாட்டான், அவனுக்குக் கமிஷன். அப்பா சொல்ல மாட்டார், நீ வந்தால் கூரையைப் பிரித்துப் போடலாம் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் நானே இரண்டு வாரமாக தினமும் காலை ஏழு மணிக்குப் பயிற்சிக்குப் போய், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். கேட்டுக்கொள். கோல்கீப்பர் கிரோகாவுக்கு முப்பத்தொன்பது வயது முடிந்தது. கை இன்னும் நல்ல கை, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கோல் கோட்டை விட்டு ஓர் அடி முன்னால் வர மாட்டார், யாரோ அங்கே ஆணி அடித்து நிறுத்தியிருப்பதைப் போல. கார்னர் வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். அவருக்கு மாற்று ஆள் கோச்சின் மருமகன், அதற்கு மேல் அவனைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நடுவில் இரண்டு டிஃபெண்டர்கள். பராகுவேயிலிருந்து வந்த பெரியவன் நன்றாக விளையாடுகிறான், தலைக்கு மேல் ஒரு பந்தையும் விடமாட்டான், ஆனால் பழைய கிளப்பில் ரெஃப்ரியைத் தள்ளிவிட்டதற்கு முதல் நாலு ஆட்டம் தடை. இது தெரிந்தேதான் எடுத்திருக்கிறார்கள்! இன்னொருவன் தண்ணீர் குடிக்கப் போகச் சொன்னால்கூடக் கடைசியில்தான் போய்ச் சேருகிறான். மிட்ஃபீல்டில் ஐந்து பேர், ஐந்து பேருமே அழகாகப் பாஸ் கொடுப்பவர்கள், பந்து தன் காலுக்கு வரட்டும் என்று கையை விரித்துக்கொண்டு நிற்பவர்கள். எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்க ஒரு ஆள் கிடையாது. பிடுங்கிக்கொண்டிருந்த ஒரே ஆள் நம் கேப்டன் வில்லால்பா. பதினோரு வருஷம் உழைத்தவரை போனில் ஒரு வரிச் செய்தி அனுப்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வரி! ஸ்ட்ரைக்கர் மட்டும் நாலு பேரை வாங்கிக் குவித்திருக்கிறார் பசுவால்டோ, போட்டோவில் ஸ்ட்ரைக்கர்கள்தான் நன்றாக விழுவார்கள் போலிருக்கிறது. அதில் ஒருவன் போன வருஷம் மொத்தமே இரண்டு கோல் போட்டவன், ஒன்று முதுகில் பட்டுப் போனது.

இப்போது உன் இடத்துக்கு வருகிறேன். லெஃப்ட் பேக் கிடையாது. ஒருத்தன்கூட இல்லை. உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்தேன், மற்ற பத்துப் பேரையும் பென்சிலில் எழுதியிருக்கிறார்கள், மூன்றாம் நம்பருக்கு நேராக உன் பெயரை மட்டும் பேனாவில் எழுதியிருக்கிறார்கள். நீ இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. உனக்கு முன்னால் இடது விங்கில் நிற்கப்போகிறவன் லுக்கேசி. பந்து போய்விட்டால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பவன், ஒரு நாள் பின்னால் ஓடி வந்து நான் பார்த்ததில்லை. அவனுக்கு இன்னும் இரண்டு வருஷம் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அவன் ஓட வேண்டியதையும் சேர்த்து நீதான் ஓட வேண்டும், முப்பத்தொரு வயதில், அறுத்துத் தைத்த முழங்காலோடு, செங்கல் மாதிரிக் காய்ந்து கிடக்கிற மைதானத்தில், வெளியூர் ஆட்டம் என்றால் பதினெட்டு மணி நேரம் பஸ்ஸில் மடங்கி உட்கார்ந்து போய் இறங்கி. பார்த்து நடந்தால் இன்னும் மூன்று வருஷம் விளையாடலாம் என்று டாக்டர் சொன்னார். இங்கே வந்தால் ஜூன் மாதம்கூடத் தாங்காது.

லெஃப்ட் பேக் ஏன் இல்லை என்று நீ கேட்பாய். இருந்தான். கிரமாஹோ. அவனை ஓட்டியது நாங்கள்தான், அதிலும் முன்னால் நின்றவள் உன் அம்மா. இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று இருந்தேன், இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். போன மார்ச்சில் எனக்குப் பக்கத்து இடத்துக்கு ஒரு அம்மாள் வந்தாள், தெல்மா என்று பெயர், வடக்கே நம் சாந்தியாகோ மாகாணத்துப் பக்கம், அதிர்ந்து பேசத் தெரியாதவள். மாத்தே டீயில் ஆரஞ்சுத் தோல் போட்டு ஊற வைப்பாள், சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றி, தான் உறிஞ்சியதும் அடுத்தது எனக்குத்தான் நீட்டுவாள். ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் அப்படித்தான். நான் அவள் மாத்தேயைக் குடித்துக்கொண்டே கிரமாஹோவைத் திட்டுவேன். எப்படித் திட்டுவோம் என்று உனக்குத் தெரியும், இந்த நாட்டில் ஆட்டக்காரன் காலால் தப்பு செய்தால் அவனைப் பெற்றவளைத்தான் இழுப்போம். நானும் இழுத்தேன். அந்த ஸ்டாண்டிலேயே பெரிய தொண்டை என்னுடையது, நான் ஆரம்பித்தால் பின்னால் முந்நூறு பேர் பிடித்துக்கொள்வார்கள். அக்டோபரில் ஆற்றுக்கு அக்கரை அணியோடு ஆடியபோது அவன் பந்தை விட்டான், கோல் விழுந்தது. நான் பலகை மேல் ஏறி நின்று "உன்னைப் பெத்தவ" என்று ஆரம்பித்து என்ன சொன்னேன் என்பதைப் பெற்ற பிள்ளைக்கு எழுத முடியாது. கத்திவிட்டு உட்கார்ந்தால் தெல்மா எப்போதும் போலக் குடுவையை நீட்டுகிறாள். "சூடா இருக்கு, பாத்துக் குடிங்க"ன்னாள். ஆட்டம் முடிந்து அந்தப் பையன் வேலியோரம் வந்தான், கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்து, "போலாமாம்மா?" என்று கேட்டான். அவளை.

அவள் பின்னாலேயே வாசல் வரை ஓடினேன். "தெரியாதும்மா, பழக்க தோஷம், வாயில வந்துடுச்சு"ன்னு என்னென்னவோ உளறினேன். அவள் கோபப்படவே இல்லை ராமிரோ, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க மட்டுமா சொன்னீங்க. முதல் நாளே உங்க சத்தம் யாரு சத்தம்னு பாத்து வச்சுக்கிட்டுத்தான் பக்கத்துல வந்து உக்காந்தேன். பின்னாடியிருந்து வர்றதுக்குப் பக்கத்துலருந்து வர்றது பரவால்ல"ன்னு சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குடுவை என் கையிலேயே இருந்தது. அதற்கப்புறம் அவள் வரவில்லை, டிசம்பரில் கிரமாஹோவும் கிளப்பை விட்டுப் போய்விட்டான். தெல்மா அப்படிச் சொல்லிவிட்டுப் போன அன்று வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வைக்கிற என் நோட்டைப் புரட்டினேன். அவன் பக்கம் விழுந்த ஒன்பது கோலில் ஏழுக்கு லுக்கேசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான், என் கையெழுத்தில் நானே அதை எழுதி வைத்திருக்கிறேன், எழுதிவிட்டுத்தான் கிரமாஹோவின் அம்மாவைத் திட்டியிருக்கிறேன். முப்பத்து நாலு வருஷம் ஃபுட்பால் பார்த்து எனக்கு வந்த அறிவு இவ்வளவுதான். லுக்கேசிக்குப் பின்னால் யாரை நிறுத்தினாலும் திட்டு அவனுக்குத்தான் விழும். இந்த வருஷம் அங்கே உன்னை நிறுத்தப் பார்க்கிறார்கள்.

வந்தால்தான் திட்டுவார்கள் என்று நினைக்காதே. போன சனிக்கிழமை பயிற்சி ஆட்டம், பக்கத்து ஊர் அணியிடம் மூன்று வாங்கினோம், மூன்றும் இடது பக்கமாகவே வந்தது. பின் வரிசையில் ஒருத்தன் ஆரம்பித்தான், "அந்த ஓஹெடா பதில்கூட சொல்ல மாட்டேங்கிறான், வெளிநாட்டுக் காசு பாத்தவன் இங்க எங்க வருவான், அவனைப் பெத்தவள..." என்று. நான் எழுந்து திரும்பினேன். "அது நான்தான்டா. முகத்தப் பாத்து மீதியச் சொல்லு"ன்னேன். அவன் அசடு வழிந்துகொண்டு, "ஐயோ எல்விராம்மா, உங்களச் சொல்லுவேனா, பழக்க தோஷம்"ங்கிறான். நான் தெல்மாவிடம் சொன்ன அதே வார்த்தை. அவனை அறையலாம் என்று ஓங்கிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று பசுவால்டோ கடைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே அந்தச் சட்டையை ஒரு சாப்பாட்டு மேஜை மேல் விரித்துப் போட்டு, "முதல்ல ஓடி வர்ற ஒரு லெஃப்ட் விங்கரப் பிடிச்சுட்டு வாங்க, அப்புறம் என் பிள்ளையக் கேளுங்க. அந்தப் போட்டோவை எடுங்க"ன்னேன். அவர் அந்தத் தேன் குரலில், "ஊரே எதிர்பாக்குது எல்விரா, உங்க பையன் காலு நம்ம ஊரு சொத்து"ன்னார். "வலிக்கும்போது ஊருக்கா வலிக்கும்?"னு கேட்டுவிட்டு வந்துவிட்டேன். போட்டோவை இன்னும் எடுக்கவில்லை. வழியில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், கறிக்கடைக்காரன் மறுபடி எலும்பே போடுகிறான்.

அதனால் சொல்கிறேன், கையெழுத்துப் போடாதே. அந்தப் பச்சை வெள்ளையில் உன்னை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு இருக்கும் ஆசை உனக்கும் தெரியும், பசுவால்டோவுக்கும் தெரியும், அதனால்தான் அவர் உன் ஏஜென்ட் வீட்டுக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்தார். என் ஆசைக்காக நீ வராதே. அங்கே புல் இருக்கிற மைதானத்தில், பந்து போனால் திரும்பி ஓடி வருகிற விங்கரோடு உன் மூன்று வருஷத்தை விளையாடு. அப்பாவின் கூரையை நான் ஆள் வைத்துப் பிரித்துப் போட்டுக்கொள்கிறேன்.

எனக்காகக் கவலைப்படாதே. கிரமாஹோ இப்போது இங்கிருந்து ஐந்து மணி நேரத்தில் இருக்கிற ஒரு சின்னக் கிளப்பில் ஆடுகிறானாம், பிப்ரவரி 9 அவர்களுக்கு முதல் ஆட்டம். நமக்கும் அன்றைக்குத்தான் முதல் ஆட்டம். நான் அங்கே போகிறேன், பஸ்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. தெல்மாவின் குடுவையைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன், அவள் எந்த வரிசையில் இருக்கிறாளோ அங்கே போய்ப் பக்கத்தில் உட்காருவேன், உட்காரவிட்டால். அவள் பிள்ளையைப் பெற்றவளை எவனாவது இழுக்கட்டும், இந்தத் தொண்டை எதற்கு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

மாதா உன் இரண்டு காலையும் காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ஆட்டம் முடிந்ததும் முழங்காலுக்கு இருபது நிமிஷம் ஐஸ் வை, பத்து நிமிஷத்தில் எடுத்துவிடாதே. வெள்ளிக்கிழமை அவர்களிடம் நீயே போனில் பேசி முடியாது என்று சொல், ஏஜென்ட்டைச் சொல்லவிடாதே. ஏன் என்று கேட்டால் அம்மா வேண்டாம் என்றாள் என்று சொல். அப்புறம் அவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும், யாரைத் திட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
எல்விரா