உன் படையலில் புகையிலை கிடையாது

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

செத்துப்போனவர்கள் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு எழுதக் கூடாது என்கிறார் அத்தை. அவர் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்? நீ உயிரோடு இருந்தபோது நான் சத்தம் போட்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். இப்போது அது முடியாது. முழுவதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு வருஷப் படையல். தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிற அத்தனை வீடும் கூடும். பிள்ளைகளுக்காக வயிற்றைக் கட்டி வாழ்ந்த மகராசி என்று ஆளாளுக்குக் கண்ணைக் கசக்குவார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயிற்றைக் கட்டினாய், சரி. எதை வைத்துக் கட்டினாய் என்று ஒருத்தராவது சொல்கிறார்களா?

விடியும் முன்னே வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடும்போதே வெற்றிலைக்குள் புகையிலையை வைத்து மடித்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வாய். சுட்ட ரொட்டி அப்பாவுக்கும் எங்களுக்கும். உனக்கு வெறும் தேத்தண்ணி. கேட்டால், "பொயிலய ஒதுக்கிக்கிட்டா பசியும் தெரியாது, குளிரும் தெரியாதுடி" என்பாய். பசி தெரியாவிட்டால் பசி இல்லை என்று ஆகிவிடுமா அம்மா? மாவு இல்லாத நாளில் நீ பட்டினி கிடந்ததை நான் குறை சொல்லவில்லை. தகரம் நிறைய மாவு இருந்த நாளிலும் நீ சாப்பிடவில்லையே. அதற்குத் தியாகம் என்று பெயர் வைக்க நான் தயாராக இல்லை. அது பழக்கம்.

நீ மட்டும் போட்டிருந்தாலும் பரவாயில்லை. தேயிலை மலையில் ஒருத்தி வெற்றிலைப் பையைத் திறந்தால் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிறவளுக்கும் ஒரு வாய் மடித்துக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் திமிர் பிடித்தவள் என்பீர்கள். நான் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனதால் தப்பினேன். அங்கே வெற்றிலை வாயோடு வந்தால் மிட்வைஃப் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவார். தங்கச்சி லெட்சுமி தப்பவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு உன் பக்கத்து நிரைக்கு வந்தாள். அவளுக்கு முதல் வாய் மடித்துக் கொடுத்த கை யாருடையது? சொல்லேன் பார்ப்போம்.

பிறகு உன் வலது கன்னத்துக்குள் அந்தப் புண் வந்தது.

"என்னம்மா, ரொட்டிய தேத்தண்ணில ஊற வச்சு ஊற வச்சுத் திங்கிற?"

"சுண்ணாம்பு கூடிப்போச்சுடி. வாய் வெந்துருச்சு."

லயத்தில் யாரைக் கேட்டாலும் அதே பேச்சு. சுண்ணாம்பைக் குறை, சரியாகிவிடும். நீயும் குறைத்தாய். காரம் போனதும் வெற்றிலை சப்பென்று இருந்தது உனக்கு. அதற்கு ஈடாகப் புகையிலையைக் கூட்டினாய். புண் வலித்தால் அந்தப் புகையிலையையே அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, "இப்ப மரத்துப்போச்சு, நல்லாருக்கு" என்றாய். எல்லோரும் தலையாட்டினார்கள். சுண்ணாம்பின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் புகையிலையை மடியில் வைத்துக் கொஞ்சின உங்கள் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் என் பல் நறநறக்கிறது.

ஹட்டனில் டாக்டரிடம் காட்டலாம் வா என்று எத்தனை கெஞ்சினேன். ஒரு நாள் பேர் போய்விடும், சம்பளம் போய்விடும் என்றாய். தீபாவளி முடியட்டும் என்றாய். காமன் கூத்து முடியட்டும் என்றாய். கழுத்தில் கட்டி எழும்பி, பக்கத்தில் உட்கார முடியாத அளவுக்கு வாடை வந்த பிறகுதான் கிளம்பினாய். ஹட்டனிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். கண்டியில் டாக்டர் உன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று என்னைக் கேட்டார். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதும் உன் காதில் விழுந்தது. விழுந்தும், திரும்பி வரும்போது ரயிலில் உன் கை மடிக்குள் வெற்றிலைப் பையைத் துழாவியது. நான் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தேன். அப்போது வட்டவளை ஸ்டேஷன். ஹட்டனில் இறங்கும் வரைக்கும் நீ என்னோடு பேசவில்லை. நம் இருவருக்கும் நடந்த கடைசிச் சண்டை அதுதான். அதற்குப் பிறகு உன்னால் பேசவே முடியவில்லை.

இனி நீ போன பிறகு நடந்ததைக் கேள். பதினாறாம் நாள் விளக்குக்கு முன்னால் உன் சேலையை மடித்து வைத்து இலை போட்டோம். அத்தை, உன் அருமை நாத்தனார், இலையின் நடுவில் ஒரு முழுப் புகையிலையை வைத்தார். வேண்டாம் என்றேன். "செத்தவங்க ஆசப்பட்டத வைக்கலன்னா ஆத்மா வாசல்லயே நிக்கும்டி" என்று அதட்டினார். பூசை முடிந்ததும், அம்மாவுக்கு வைத்ததை மகள்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று அதைக் கிள்ளி, போடாத என்னை விட்டுவிட்டு லெட்சுமியின் கையில் கொடுத்தார் அத்தை. அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அது புகையிலையாகவே தெரியவில்லை, நீயாகத் தெரிகிறது. நீ கனவில் வந்து, "ஒரு வாய் குடுடி" என்று கேட்கிறாயாம். உடனே எழுந்து உன் சேலைக்கு முன்னால் வைக்கிறாள். பிறகு பிரசாதம் என்று தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். முன்பெல்லாம் மலையில் மட்டும் போட்டவள், இப்போது வீட்டிலும் விடுவதில்லை. ஏனம்மா, கனவில் வருகிறவளுக்குப் பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்கத் தோன்றவில்லையா?

லயத்தில் இப்போது ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போவது யார், இங்கே இலங்கையில் இருப்பது யார் என்கிற பேச்சுதான் எந்த நேரமும். லெட்சுமியின் கடைக்குட்டி நடக்கத் தொடங்கிவிட்டான். பிள்ளைக்காம்பராவில் என் காலையே சுற்றிக்கொண்டிருப்பான். போன மாதம் அவனுக்குப் பால் கொடுக்க வந்தவளிடம் சூடாகத் தேத்தண்ணி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். தாடையைப் பிடித்து வாயைத் திறக்க வைத்தேன். கன்னத்துக்குள் வெள்ளையாகத் திட்டு, ஓரத்தில் சிவப்பு.

"ஒண்ணுமில்லக்கா. சுண்ணாம்பு பட்டு வெந்துருச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓங்கி ஒரு அறை வைத்தேன். பிறகு இருவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம்.

மறுநாளே டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எந்தப் பண்டிகை முடியவும் நான் காத்திருக்கவில்லை. புகையிலையை இன்றோடு விட்டால் ஆறலாம், ஆறாவிட்டால் வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும், அடுத்த மாதம் கூட்டி வா என்றார் டாக்டர். லெட்சுமி விட்டுவிட்டாள். தலைவலிக்கிறது, கை நடுங்குகிறது, புருஷனோடும் பிள்ளைகளோடும் எரிந்து விழுகிறாள். ஆனாலும் இன்று வரைக்கும் தொடவில்லை.

இந்த நேரம் பார்த்து உன் படையல் வருகிறது. நேற்று அத்தை ஹட்டன் கடையிலிருந்து புகையிலை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மகள் முதலில் எடுக்க வேண்டும் என்கிற அதே சட்டம். நான் வாங்கி அப்படியே அடுப்பில் போட்டேன். நம் வீட்டுக் காம்பரா முழுக்கப் புகை. எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினோம். பக்கத்துக் காம்பராக்காரர்களும் தீப்பிடித்ததோ என்று வந்துவிட்டார்கள்.

"பெத்தவள பட்டினி போடுறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?" என்றார் அத்தை.

"அது உசுரோட பட்டினி கெடந்தப்ப நீங்க யாராச்சும் ஒரு ரொட்டி குடுத்தீங்களா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமை வருவாரோ மாட்டாரோ, எனக்குக் கவலையில்லை. எனக்குப் பயம் லெட்சுமியை நினைத்துத்தான். புகை அடங்கின பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அம்மா வந்து கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? அது கேட்டு நான் இல்லன்னு சொன்னதே இல்லியே."

அவளால் உன்னிடம் இல்லை என்று சொல்ல முடியாது அம்மா. அது உனக்கும் தெரியும். தெரிந்துதானே அவளிடம் போகிறாய்?

வெள்ளிக்கிழமை உன் இலையில் சுடச்சுடச் சோறு இருக்கும். கருவாட்டுக் குழம்பு, முட்டை, பருப்பு, வடை எல்லாம் இருக்கும். புகையிலை இருக்காது. இந்த வருஷமும் இருக்காது, நான் உயிரோடு இருக்கிற எந்த வருஷமும் இருக்காது. இது என் வாக்கு. ஆத்மா வாசலில் நிற்கும் என்றால் நிற்கட்டும். நின்றால், உள்ளே வந்து உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ.

லெட்சுமியின் கனவுக்கு இனிப் போகாதே. வந்தே தீருவேன் என்றால் என்னிடம் வா. இல்லை என்று சொல்ல நான் இருக்கிறேன்.

உன் மூத்த மகள்,
லெட்சுமிக்கு அக்கா,
பார்வதி