நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

நன்னிலம் பக்கம்,
மார்கழி மாதம்.

அன்பு மகன் நாகநாதனுக்கு அம்மா எழுதுவது. அந்தப் பெர்த் ஊரில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் உன் தம்பி இளையபெருமாளும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அப்பாவின் காரியம் முடிந்து நீ விமானம் ஏறியதிலிருந்து நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. தம்பியிடம் மட்டும் ஒரு தடவை பேசினாயாம், 'நான் சொன்ன வண்டிதான்டா அப்பாவைக் கொன்னுச்சு, குட்டி யானை வாங்கியிருந்தா அந்தக் கல்லுக்கு நடுவுல போயிருக்கும்' என்று அழுதாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ வந்திருந்தபோது வீடு நிறைய ஜனம், நடந்ததை முழுசாகச் சொல்ல முடியவில்லை, சொன்னால் நீ நேரே இராஜாங்கம் வீட்டு வாசலில் போய் நிற்பாய் என்ற பயமும் இருந்தது. இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன வருஷ மழையில் அப்பாவுக்கு நெஞ்சை அடைத்தபோது ஆம்புலன்ஸ் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டதும், அவரைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துச் சேற்றில் தூக்கிக்கொண்டு போனதும் உனக்குத் தெரியும். அதற்காகத்தான் மூட்டையும் ஏற்றலாம், ஆளும் போகலாம் என்று நீ பிக்கப் வண்டி வாங்கச் சொன்னாய். தஞ்சாவூர் ஷோரூமில் அந்த விற்பனைக்காரத் தம்பி டீசலில் சின்ன எஞ்சின், பெரிய எஞ்சின் என்றும், கியர் நாம் போடுவது, தானாக மாறுவது என்றும், பின்சக்கரம் மட்டும் இழுப்பது, நாலும் இழுப்பது என்றும் அடுக்கியபோது எனக்குத் தலை சுற்றியது. நீ வீடியோவில் வந்து, பாரத்தோடு சேற்றில் இறங்கினால் சின்ன எஞ்சின் மூச்சு வாங்கும், பெரியதை எடுங்கள் என்றாய். தம்பிக்குத் தானாகக் கியர் மாறும் வண்டிமேல் ஆசை. அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. சொசைட்டி டிராக்டர் ஓட்டியவர் இல்லையா, 'சேத்துல கியர் நம்ம கையில இருக்கணும்டா' என்றார். ஆனால் நாலு சக்கர இழுவை வீண் செலவு என்று அவரே முரண்டு பிடித்தார். 'சேத்துல மாட்டுனா ஒரு சக்கரம் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும்ங்க, வண்டி நகராது. இதுல லோ கியர் போட்டா நாலும் சேர்ந்து இழுக்கும், மெதுவா ஏறிடும்' என்று அந்தத் தம்பி சொல்ல, அப்பா 'முழங்கால் சேறுன்னா?' என்று கேட்டார். 'ஏறிடும்ங்க.' உடனே அப்பா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார், இறங்கவே மனசில்லை. ஆயுத பூஜைக்கு வண்டி வந்தது. முதல் மழையில் நம் வண்டிப்பாதையின் உளைச் சேற்றில் அது ஊர்ந்து ஏறியதைப் பார்த்துத் தெருவே கை தட்டியது. அப்பா சிரித்ததை அன்றைக்குத்தான் கடைசியாகப் பார்த்தேன்.

வண்டி வந்த பிறகுதான் கல் வந்தது, இதை நீ மனசில் வைத்துக்கொள். மிராசுதார் வாரிசுகள் பட்டணத்தோடு போய்விட, நம்மைச் சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் இந்த இராஜாங்கம் வாங்கினாரே, அப்போதிருந்தே நம் நிலம் அவர் கண்ணை உறுத்துகிறது. உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்து உன் தாத்தாவுக்கு அரசாங்கம் கொடுத்த நிலம், கூலிக்கு நின்றவர்கள் பட்டாதாரர் ஆனது அவர்களுக்குப் பொறுக்குமா. வண்டிப்பாதை என் பட்டாவில் வருகிறது என்று சொல்லி, நம் தெருவுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் பாதையின் குறுக்கே இரண்டு கருங்கல் தூண் நட்டார். பைக் போகும், குட்டி யானை மாதிரிச் சின்ன லாரி இடித்துப் பிடித்துப் போகும், நம் வண்டி போகாது. போன ஆட்சியில் அவர் காரில் ஒரு கொடி, இந்த ஆட்சியில் வேறு கொடி, ஆள் அதே ஆள். மனுவோடு அப்பா அலையாத ஆபீஸ் இல்லை. சர்வேயர் வரணும் என்றார்கள், கேஸ் இருக்கிறது என்றார்கள். சின்ன வண்டி வாங்கியிருந்தால் கல்லை இன்னும் நெருக்கி நட்டிருப்பார்கள் நாகநாதா. வண்டியை மறிக்க நட்ட கல் இல்லை அது, நம்மை மறிக்க நட்டது.

கார்த்திகையில் விடாத மழை. அன்று காலை கஞ்சி குடிக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார், மூச்சு இழுத்தது. கல் இருக்கிறதே என்று யோசிக்கக்கூட எங்களுக்குப் புத்தி இல்லை, வண்டியில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டோம். நடுவில் அவர், இந்தப் பக்கம் நான், தம்பி ஓட்டினான். கல் வரைக்கும் போய் நின்றது. வலது கை பக்கம் வாய்க்கால் கரை தளும்ப ஓடுகிறது. இடது பக்கம் இராஜாங்கத்தின் சம்பா வயல், பச்சென்று நிற்கிறது. தம்பி என்னைப் பார்த்தான். 'வரப்புல ஏத்தி வயல்ல இறக்கி, கல்லைச் சுத்திப் பாதைக்கு வந்துடலாம்மா' என்றான். 'ஏத்துடா' என்று நான் கத்தினேன். அவன் லோ கியர் போட்டான், முன்சக்கரம் வரப்பில் ஏறிவிட்டது, வண்டி கொஞ்சமும் திணறவில்லை. அப்போதுதான் அப்பா கண்ணைத் திறந்தார். முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தார். தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். 'தூர் கட்டுற பயிருடா... ஏத்தாத' என்றார். நான் அவர் கையைப் பிரிக்கப் பார்த்தேன், 'அவன் பயிருங்க, நமக்குக் கல்லு நட்டவன் பயிரு, உங்க உயிருதாங்க முக்கியம்' என்று அழுதேன். 'யாரு பயிரா இருந்தா என்ன' என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச மூச்சு இடம் கொடுக்கவில்லை. பிடியை மட்டும் விடவில்லை. தம்பி எஞ்சினை நிறுத்திவிட்டான். தெருவிலிருந்து ஆள் ஓடி வந்து தோளில் போட்டு ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள், ஆட்டோவில் திருவாரூர் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

இதுதான் நடந்தது. நீ தேர்ந்தெடுத்த வண்டி போகிற வண்டிதான். உங்கள் அப்பாதான் போக வேண்டாம் என்றார். நீ புறப்பட்ட வாரம் தம்பி தனியாக வண்டியைக் கொண்டுபோய் அதே வரப்பில் நிறுத்தி, எஞ்சினை உறும விட்டபடி உட்கார்ந்திருந்தான். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். இறங்கி என் காலடியில் உட்கார்ந்து அழுதான். பயிரில் ஓர் இலை மடங்கவில்லை, ஆனாலும் மிரட்டினோம் என்று நம் மேல்தான் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து போகிறது. அப்பா காப்பாற்றிய பயிர் இப்போது கதிர் வாங்கி நிற்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் ரேஷன் கடைக்குப் போகிறேன். எனக்கு இராஜாங்கத்தின் மேல் வருகிற கோபத்தைவிட உங்கள் அப்பா மேல்தான் கோபம் வருகிறது. ஊரான் பயிரைப் பார்த்த மனுஷன் பக்கத்தில் இருந்த என்னைப் பார்க்கவில்லையே. இதை வேறு யாரிடம் சொல்வேன், உன்னிடம் சொல்கிறேன். நம் நெல்லும் தை பிறந்தால் அறுப்புக்கு வந்துவிடும், மெஷின் எப்படி உள்ளே வரும், மூட்டை எப்படி வெளியே போகும், ஒன்றும் தெரியவில்லை. நிலத்தை இராஜாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று சொந்தக்காரர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பு இல்லை.

அங்கே இப்போது வெயில் காலமாமே, வெறுந்தலையோடு அலையாதே, ராத்திரி வேலையென்றால் சாப்பிடாமல் போகாதே. நீயும் உன் குடும்பமும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அப்பாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. மறக்காமல் ஒரு காரியம் செய் ராசா. நீ அங்கே வாய்விட்டு அழுகிறாய், உன் தம்பி இங்கே பேசுவதே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் அவன். நேற்று சாப்பிட உட்கார்ந்தவன், 'அப்பா சொன்னதை நான் கேட்டிருக்கக் கூடாதாம்மா?' என்று கேட்டான். நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். நீ அவனுக்கு அண்ணன். உனக்குப் பதில் தெரிந்தால் அவனைக் கூப்பிட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஐ. அம்சம்