அட்டையில் வெறும் பாலிஸ்டர்

லண்டன்,
4 மார்ச் 1896

அன்புள்ள தம்பி லயனலுக்கு,

நான் நலம். உன் மனைவியும் பிள்ளைகளும் நலமா? எல்டன்பரி பேராலயத்துக் குளிரில் ஆர்கன் வாசித்து விரலெல்லாம் விறைத்திருக்குமே!

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் நான் எழுதிய பாட்டை அச்சுக்கு எடுத்துக்கொண்டார்கள், லயனல்! ஒரே ஒரு குறை. "பொம்பளை பேரைப் பார்த்தா ஆம்பளைப் பாடகருங்க தொடவே மாட்டாங்கம்மா. குடும்பப் பேர் மட்டும் போட்டுடுவோம்" என்றார் பதிப்பாளர். புத்திகெட்டவள், தலையாட்டிவிட்டு வந்தேன். அட்டையில் வெறும் 'பாலிஸ்டர்'. போகட்டும், பாட்டு வெளியே வருகிறதே.

அன்பு அக்கா,
ஹெஸ்டர்

எல்டன்பரி,
20 நவம்பர் 1896

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பாட்டு இங்கே வீட்டுக்கு வீடு ஒலிக்கிறது. ஒரு வேடிக்கையைக் கேள். பேராலயத் தலைமைக் குரு வீட்டு விருந்தில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாலிஸ்டர்! நீங்கதானா அது? அழ வெச்சுட்டீங்களே!" என்றாள். என் வாயில் ஆட்டுக்கறி. மறுப்பதற்குள் பேச்சு எங்கோ தாவிவிட்டது. பாட்டின் நடுவில் பியானோ சட்டென்று நின்றுபோகிறதே, அந்த மௌனம் எப்படித் தோன்றியது என்று பிறகு வேறு கேட்டார்கள். பனி மூடிய வயலைப் பார்த்துத் தோன்றியது என்று ஏதோ உளறிவைத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி,
லயனல்

லண்டன்,
23 நவம்பர் 1896

லயனல்,

வாயில் கறி இருந்தது, சரி. விழுங்கிய பிறகு?

பனி மூடிய வயலாம், மண்ணாங்கட்டி! நான் மடியில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிடுவாள். பேனாவைப் போட்டுவிட்டு ஓடுவேன். பாட்டு அந்த இடத்தில் நின்றது. நின்றபடியே விட்டுவிட்டேன். அம்மா படுத்திருந்த மூன்று வருஷத்தில் நீ ஒரே தடவை வந்தாய், அதுவும் தேநீர் ஆறுவதற்குள் கிளம்பிவிட்டாய்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்களிடம் உண்மையைச் சொல். என் பெயர் எனக்கு வேண்டும்.

ஹெஸ்டர்

எல்டன்பரி,
2 டிசம்பர் 1896

அன்புள்ள அக்காவுக்கு,

தலைமை ஆர்கன் வாசிப்பாளர் பதவிக்கு என்னைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டுக்காகத்தான். இப்போது வாயைத் திறந்தால் நான் இந்த ஊரில் தலைகாட்ட முடியுமா? யார் பெயரில் இருந்தால் என்ன, நம் வீட்டுப் பாட்டுதானே? நீ தனி ஆள். நான் பிள்ளைகுட்டிக்காரன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

லயனல்

எல்டன்பரி,
11 மே 1898

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றரை வருஷமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பதவி எனக்கே கிடைத்தது. நீயும் முழுப் பெயரோடு புதுப் பாட்டு வெளியிட்டுவிட்டாயே! பத்திரிகையில் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், வெட்டி அனுப்பியிருக்கிறேன்: "செல்வி ஹெஸ்டர் பாலிஸ்டர் தம்பியின் பாணியை அழகாகப் பின்பற்றுகிறார். நடுவில் வரும் மௌனம்கூட அவரிடம் கற்றதே." இப்போது சந்தோஷம்தானே?

உன் தம்பி,
லயனல்

லண்டன்,
14 மே 1898

லயனலுக்கு,

நீ அனுப்பியதைப் படித்தேன்.

உன் மனம் நோகுமே என்று ஒன்றை மட்டும் இதுவரை சொல்லாமல் இருந்தேன். அம்மா கூப்பிட்டது என்னை இல்லை. "லயனல் வந்துட்டானாடி?" என்றுதான் தினமும் கேட்பாள். "வந்துகிட்டே இருக்கான்மா" என்று ஓடிப்போய்ப் பொய் சொல்வேன்.

பத்திரிகைக்காரர் சொன்னது சரிதான். அந்த மௌனம் உன்னுடையது, நீயே வைத்துக்கொள். மற்றதெல்லாம் என்னுடையது.

இனி எனக்கு எழுதாதே.

ஹெஸ்டர் பாலிஸ்டர்