மூன்றாவது பெயர்

யாமு,

நேரில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதி உன் பையில் வைக்கிறேன்.

உனக்கு இடம் கொடுத்த பல்கலைக்கழகம் சனிக்கிழமை குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறது. உன்னோடு மூன்று பேர் வரலாம். அந்தப் படிவத்தை நிரப்பும் வேலையை என்னிடம்தான் கொடுத்தாய். காரை எங்கே நிறுத்தலாம் என்று தேடியதும் நான்தான். "அங்க சாசேஜ்தான் போடுவாங்களாம். நீ புளியோதரை கிளறிக் குடுத்துடு" என்று அம்மா சொன்னதும் என்னிடம்தான்.

ஆனால் அம்மா சொன்ன மூன்று பேர் அப்பா, அம்மா, கிரிஜா ஆன்ட்டி. ஆன்ட்டியின் மகன் அங்கே படிக்கிறானாம், அவர்களுக்கு எல்லாம் தெரியுமாம். "நீ வந்தா, என்ன படிக்கிறேன்னு எல்லாரும் கேப்பாங்கடி. உனக்குத்தான் கஷ்டம்."

யாருக்குக் கஷ்டம்? வேர்ஹவுஸிலும் கேட்கிறார்கள். பத்தாவதோடு நின்றுவிட்டேன் என்று பெட்டிகளை ஸ்கேன் செய்துகொண்டே சொல்கிறேன்.

அம்மாவை விடு. நீ பக்கத்தில்தான் இருந்தாய். போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

சனிக்கிழமை ஷிஃப்டைப் போன வாரமே மாற்றிவிட்டேன். சூப்பர்வைசரிடம் வாய் திறந்து கேட்க எனக்கு மூன்று நாள் ஆனது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

படிவம் லேப்டாப்பில் திறந்திருக்கிறது. இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். அப்பா, அம்மா பெயரை எழுதிவிட்டேன். மூன்றாவது பெயரை நீயே எழுதி அனுப்பு.

யார் பெயரை எழுதினாலும் புளியோதரை செய்து தருகிறேன். உனக்குப் பிடித்தபடி வேர்க்கடலை நிறையப் போட்டு.

எதிர்க் கட்டிலில் இருக்கும்
உன் அக்கா