கொடியில் ஆடிய சட்டை

என்னவருக்கு ஸலாம்.

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நட்சத்திரம் வட்டமாக வந்துவிட்டது!

"வானத்த அப்பறம் படம் புடி, மொதல்ல வூட்டப் பாரு" என்று சொல்லிவிட்டு துபாய்க்குப் போனீர்களே, அதே மொட்டைமாடி, அதே டெலஸ்கோப். அதன்மேல் இருக்கும் சின்னக் கேமரா ஒரே நட்சத்திரத்தைக் கவனித்து, அது நகர நகர டெலஸ்கோப்பையும் திருப்ப வேண்டும். அப்போதுதான் படமெடுக்கும் பெரிய கேமராவை ஐந்து நிமிடம் திறந்து வைத்தாலும் படம் கலையாது. எனக்கோ ஒவ்வொரு முறையும் படத்தில் நட்சத்திரமெல்லாம் கோடாக விழுந்தது. மோட்டாரைக் கழற்றி மாட்டினேன். கோவளத்துக் கடல்காற்றை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நேற்றுதான் பிடிபட்டது. கால் தடுக்காமல் இருக்க, கேமரா வயரைத் துணிக்கொடியில் கட்டியிருந்தேன். அதே கொடியில் உங்கள் நீலச் சட்டை. "ஆம்பள சட்ட தொங்குனா வூட்ல ஆளு கீதுன்னு நெனப்பாங்கக்கா" என்று பக்கத்து வீட்டு ஆஸ்மா சொன்னதிலிருந்து இரவும் பகலும் அங்கேதான் தொங்கியது. காற்றில் சட்டை உப்பும், கொடி ஆடும், வயர் டெலஸ்கோப்பை இழுக்கும்.

வயரை அவிழ்த்தேன். சட்டையையும் எடுத்துவிட்டேன். அடுத்த படத்தில் ஓரியன் நெபுலா என்ற ஒளிமேகம், சுற்றிலும் ஊசிமுனை போல நட்சத்திரங்கள்! தனியாக நின்று கைதட்டினேன்.

"இன்னாக்கா, யாரு வந்துகீறாங்க?" என்று ஆஸ்மா அவள் மாடியிலிருந்து கேட்டாள்.

"யாரும் வரல. நான்தான் கீறேன்" என்றேன்.

சட்டையை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். இனி அது கொடிக்கு வராது.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் ஆள்