நாலு எண்ணுவதற்குள்

அண்ணாச்சி,

நேற்றுக் காலை ஒன்று, இரண்டு என்று பதினொன்று வரை எண்ணினேன், கூடை நிற்கவில்லை.

ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. நம் கட்டடத்தில் தண்ணீர் வந்தால் எல்லா பால்கனியிலும் வாஷிங் மெஷின்கள் ஒரே நேரத்தில் உறும ஆரம்பித்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? என்னுடையதும் துவைத்து முடித்து, அழுக்குத் தண்ணீரை இறக்கிவிட்டு, முதல் பிழிதலில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கட்டிலுக்கடியிலிருந்து என் வீட்டுக்காரரின் காலுறை ஒன்று கிடைத்தது. எப்போதும் ஒன்றுதான் கிடைக்கும். அலசும்போதாவது நனையட்டும் என்று ஒரு கையால் மூடியைத் திறந்து, மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு... கூடை அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அடியிலிருந்து கருகல் வாசனை வந்தது.

பத்து மணிக்கு வந்த மெக்கானிக் முகர்ந்து பார்த்து, "பெல்ட் கயா, மேடம்" என்று இந்தியில் பெல்ட்டின் மேல் பழியைப் போட்டார்.

"பெல்ட் இல்லை, பிரேக்" என்றேன்.

"ஆப் இன்ஜினியர் ஹை க்யா?", நீங்கள் என்ன இன்ஜினியரா என்று சிரித்தார். மெஷினைச் சாய்த்து, அடியில் கையை விட்டு, அரை மணி நேரம் முனகி, தேய்ந்து வழவழத்துப்போன பிரேக் பட்டையை வெளியே எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அச்சா" என்றார். அந்த ஒரு சொல்லில் அவ்வளவு மரியாதை.

ஐம்பத்து மூன்று வயதில் முதன்முறையாக ஒரு மெக்கானிக்கிடம் நான் சொன்னது சரியாகிவிட்டது. உடனே கீழே ஓடி உங்களிடம் சொல்ல வேண்டும் என்று செருப்பைக் கூட மாட்டிவிட்டேன். இரண்டாவது மாடி வரை இறங்கிய பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. படியிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது மாடி சர்மாஜி, "முழங்கால் வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீங்கள் தரைத்தளம், நான் மூன்றாவது மாடி. கோயம்புத்தூர்க்காரரான உங்களை நான் முதலில் "அண்ணாச்சி" என்று கூப்பிட்ட அன்று உங்கள் வீட்டு அக்கா, "எங்க ஊட்டுல மளிகைக் கடை இல்லீங்களே" என்றார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அது மரியாதை என்று விளக்கியும் பயனில்லை. ஒரு வருடம் வரை என்னைப் படியில் கண்டால், "அண்ணாச்சி, அரைக் கிலோ துவரம்பருப்பு" என்று உங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் அக்கா என்னிடம் பேசுவார்கள். உங்கள் உதட்டோரம் மட்டும் சிரிப்பு தெரியும்.

என் மெஷின் முதன்முதலில் நின்றுபோன அன்று நீங்கள் ஒரு ஸ்பானரோடு மேலே வந்தீர்கள். நான் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். ஊர்வம்புக்குக் கொடுக்க வேண்டிய கவனத்தை முதன்முறையாக ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்தேன்.

"மோட்டார் ஒண்ணுதானுங்க அம்மிணி. வேல ரெண்டு. துவைக்கறப்ப அடித்தட்டு மட்டும் ஆடோணும், கூடை அசையக் கூடாது. பிழியறப்ப ரெண்டும் சேந்து ஓடோணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல நின்னு பஞ்சாயத்துப் பண்றதுதான் கிளட்ச்."

"எப்படி பண்ணுது அண்ணாச்சி?"

"ஒரு பூரிக் கட்டையும் ஒரு நாடாவும் குடுங்க."

நாடாவுக்கு எங்கே போவேன்? என் வீட்டுக்காரரின் பைஜாமாவிலிருந்து உருவிக் கொடுத்தேன். அன்று முழுவதும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது தனிக்கதை. நீங்கள் பூரிக் கட்டையில் நாடாவை நான்கு சுற்றுச் சுற்றி, ஒரு முனையை விரலில் பிடித்துக்கொண்டு, என்னைக் கட்டையைத் திருப்பச் சொன்னீர்கள். ஒரு பக்கம் திருப்பினால் நாடா இறுகி உங்கள் கையையே இழுத்தது. மறுபக்கம் திருப்பினால் தளர்ந்து வழுக்கியது. "உள்ள இருக்கறதும் இதேதானுங்க. நாடாவுக்குப் பதிலா எஃகுச் சுருள். தண்ணி பூராவும் எறங்குனதுக்கப்புறம்தான் சுருள் கூடையைப் புடிக்கும். அதுக்கு முன்னால புடிக்காது. ஈரத்தைத் தூக்கிட்டு ஓட முடியாதுங்களே."

"அப்ப பிரேக்கு?"

"அது வேற. கூடைக்கு அடியில பட்டை மாதிரி சுத்தியிருக்கும். மூடியத் தொறந்தா கரண்டு நின்னுரும், கூடை நிக்காது. அதைப் புடிச்சு நிறுத்தறது பிரேக்கு. நாலு எண்றதுக்குள்ள நிக்கோணும். அதுவரைக்கும் கையப் பின்னால கட்டிக்குங்க."

அந்த 'நாலு' உங்கள் முகத்தை மாற்றியது. பிறகு ஒரு மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். வாஷிங் மெஷின் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடம் கிளட்ச் வடிவமைத்தவர் நீங்கள். அங்கே செய்த மெஷின்களின் எஃகுச் சுருள் உங்களுடையது. அது ஒருநாளும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஒரு புது மாடலுக்கு வேறு பிரிவு மலிவான பிரேக் பட்டை ஒன்றைக் கொண்டுவந்தது. வெயில் நாளில் நாலு எண்ணுவதற்குள் நின்ற கூடை, மழைக்கால ஈரத்தில் பதினொன்று வரை சுற்றியது. பிழியும்போது மூடியை யார் திறக்கப்போகிறார்கள் என்றார்கள் மேலதிகாரிகள்.

"எல்லா ஊட்டுலயும் ஒரு சாக்ஸ் மறந்து போகுமுங்கன்னு சொன்னேன். ஊட்டுல மூடியத் தொறக்கறது இன்ஜினியர் இல்லீங்க, கொழந்தைங்கன்னு சொன்னேன். கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன்."

உங்களைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு வருடம் அட்டைப்பெட்டிகளை எண்ணினீர்கள். பிறகு நீங்களே விலகி, கரோல் பாக்கில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் போய் உட்கார்ந்தீர்கள். ஏன் விலகினீர்கள் என்பதை நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் சொன்னீர்கள். ஊரிலேயே வாய் பெரிய ஒருத்தியிடம்.

நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் வருடாவருடம் நான் ஒரு நகைச்சுவைக் கட்டுரை வாசிப்பது வழக்கம். அச்சிட்டால் யார் படிப்பார்கள்? இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் காதுவழிதான் போகும், அதுவும் சர்க்கரைப் பொங்கல் ஆறுவதற்குள் போக வேண்டும். அந்த வருடம் எழுத விஷயம் கிடைக்கவில்லை. உங்களை எழுதினேன். பெயர் போடவில்லை, ஆனால் நம் கட்டடத்தில் கிளட்ச் செய்தவர் எத்தனை பேர் என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"விட வேண்டிய நேரத்தில் விடாத கிளட்ச் ஒன்றை அவர் பதினான்கு வருடம் பாடுபட்டுச் செய்தார். மூடியைத் திறந்தாலும் கூடை நிற்காது. அந்தக் கிளட்சிடம் எதையும் கற்றுக்கொள்ளாத கம்பெனி, அவரை மட்டும் உடனே விட்டுவிட்டது."

கூடம் அதிர்ந்தது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய சிரிப்பை நான் வாங்கியதில்லை.

அண்ணாச்சி, இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். நான் மறந்துபோய் மாற்றி எழுதவில்லை. தெரிந்தே மாற்றினேன். 'பிரேக்' என்று போட்டால் அந்த நையாண்டி உட்காரவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட மறுத்த பிழையை உங்கள் தலையிலேயே வைத்தேன், ஒரு வாக்கியத்தின் ஓசைக்காக.

அதற்குப் பிறகு பிள்ளைகள் உங்களை "கிளட்ச் அங்கிள்" என்றார்கள். அக்காவிடம் யாரோ, "உங்க வீட்டுக்காரர் பண்ணின மெஷின் எங்க வீட்டுல இல்லையே?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். நீங்கள் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் என் மெஷின் கோளாறு செய்தபோது மேலே வந்தீர்கள். என்னிடம் பேசாமல் மெஷினிடம் பேசினீர்கள். "எங்க வலிக்குது உனக்கு?" என்று அதைக் கேட்டபோது நான் அடுக்களையில் நின்று அழுதேன். வெங்காயம் கூட நறுக்கவில்லை, சாக்குச் சொல்ல.

காபியைக் கொண்டுவந்து வைத்து, "கோவமா அண்ணாச்சி?" என்றேன்.

"என்னையப் பத்தி என்ன வேணாலும் எழுதிக்குங்க அம்மிணி. பிரேக்கையும் கிளட்சையும் மாத்தாதீங்க. அந்தச் சுருள் நல்ல சுருளுங்க."

"அடுத்த பொங்கலுக்கு மேடையிலயே திருத்திருதேன்" என்றேன்.

"செரி" என்று காபியை எடுத்துக்கொண்டீர்கள். அவ்வளவுதான்.

அடுத்த பொங்கல் வந்தது. திருத்தத்தை எழுதி, மடித்து, கையில் வைத்திருந்தேன். நீங்கள் முன்வரிசையில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஒலிபெருக்கியைப் பிடித்து, "போன வருடம் ஒரு கிளட்ச் பற்றி..." என்று ஆரம்பித்தேன். 'கிளட்ச்' என்ற சொல்லுக்கே கூடம் சிரித்தது. முன்வரிசைப் பிள்ளை ஒன்று, "கிளட்ச் அங்கிள்!" என்று கத்தியது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிற்கவில்லை. சிரிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது; நான் அதோடு சேர்ந்து சுற்றினேன். கையிலிருந்த தாளை விட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் பைஜாமாவைப் பிடித்துக்கொண்டு நடந்த கதையைச் சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள்.

விழா முடிந்ததும் என்னிடம் வந்தீர்கள். "நல்லா இருந்துச்சுங்க அம்மிணி. அதை அடுத்த வருசம் சொல்லிக்கலாம்."

அடுத்த வருடம் என்பது எல்லாருக்கும் இருக்கிறது என்று நானும் நினைத்தேன். தீபாவளிப் புகையில் உங்களுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. கார்த்திகை பிறக்குமுன் நீங்கள் போய்விட்டீர்கள். காரியம் முடிந்த அன்று அக்கா அலமாரியிலிருந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்துக் காட்டினார்கள். "இஸ்திரிக்காரன் போட்டது சரியில்லைன்னு அன்னிக்கு மறுபடியும் தானே தேச்சாருங் கண்ணு. 'அம்மிணி இன்னிக்கு நம்ம கிளட்சைப் பத்திச் சொல்லுது, நீயும் முன்னால வந்து ஒக்காரு'ன்னாரு." குற்றம் சொல்லும் குரலே இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

உங்கள் இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். "கொஞ்சம் லைட்டா இருக்கட்டும் மேடம்" என்று செயலாளர் காதில் சொன்னார். தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டேன். நான் வாயைத் திறக்காத முதல் கூட்டம் அது. பாதிப் பேர் எனக்கு உடம்பு சரியில்லை என்றே கவலைப்பட்டார்களாம்.

நேற்று மெக்கானிக் புதுப் பட்டையைப் போட்டுவிட்டு, "டெஸ்ட் கர் லீஜியே" என்று சோதித்துப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் நின்றுவிட்டிருந்ததால் காலிக் கூடையையே சுற்றவிட்டேன். மூடியைத் திறந்து, கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, சத்தமாக எண்ணினேன். நாலு சொல்லி முடிப்பதற்குள் கூடை நின்றது. பழைய பட்டையைத்தான் தூக்கிப் போட்டோம். உள்ளே இருந்த சுருளில் ஒரு கீறல் இல்லை என்று மெக்கானிக் தானாகவே சொன்னார். அது உங்கள் கையால் செய்த சுருள் இல்லைதான்; ஆனாலும் உங்கள் பக்கத்துச் சாட்சி ஒன்று கிடைத்தது போல இருந்தது.

அவர் போனதும் கீழே இறங்கி அக்காவிடம் போனேன். இந்தப் பொங்கலுக்குக் கட்டுரை கிடையாது, இந்த மடலைத்தான் வாசிக்கப்போகிறேன் என்றேன். பிரேக் எது, கிளட்ச் எது, யார் கையெழுத்துப் போடவில்லை, ஏன் போடவில்லை, அதை யார் மாற்றிச் சொன்னது, எல்லாவற்றையும்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "சிரிக்க வெக்காம பேச உனக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியாது அக்கா. முயற்சி பண்ணுதேன்."

"முன்வரிசையில அவர் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில ஒக்காந்துக்கறேன்" என்றார்கள். கொஞ்சம் கழித்து, "அண்ணாச்சி, அரைக் கிலோ துவரம்பருப்பு" என்று சுவரில் மாட்டியிருந்த உங்கள் படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். இருவரும் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.

எனவே அண்ணாச்சி, பொங்கலன்று மேடையில் 'கிளட்ச்' என்ற சொல் வரும். கூடம் சிரிக்கும், நான்தானே அவர்களைப் பழக்கினேன். இந்த முறை அந்தச் சிரிப்போடு சுற்ற மாட்டேன். தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மனதுக்குள் எண்ணியபடி நிற்பேன். சிரிப்பு நாலில் நின்றாலும் சரி, பதினொன்றில் நின்றாலும் சரி. அது முழுவதும் நின்ற பிறகுதான் அடுத்த வரியில் கையை வைப்பேன்.